சென்சார் மேல் பழி

ஜூன் 9, திங்கள்

பிசியோதெரபி செய்துவிட வீட்டுக்கு வரும் அம்மா தினமும் எழுதி வைக்கச் சொல்லியிருக்கிறது. எத்தனை அடி நடந்தேன், வலி பத்துக்கு எத்தனை, தூங்கினேனா இல்லையா. இருபத்திரண்டு வருடம் டிரிப் ஷீட் எழுதிய கைக்கு இது கஷ்டமில்லை. கோழித்தீவனக் கடையில் கொடுத்த டைரி ஒன்று பீரோ மேல் சும்மா கிடந்தது. சம்பூர்ணம் தூசு தட்டிக் கொடுத்துவிட்டு முட்டை குடோனுக்கு வேலைக்குப் போய்விட்டாள்.

முதல் பக்கத்தில் கேட்டதையெல்லாம் நிரப்பினேன். பெயர் நல்லசிவம். வயது 48. தொழில் லாரி டிரைவர். முதலைப்பட்டி, நாமக்கல்.

ஏப்ரல் 17ஆம் தேதி ஆதிலாபாத் தாண்டி, ரோட்டோரம் நின்றிருந்த சிமென்ட் லாரியின் பின்னால் மோதினோம். எனக்கு வலது தொடையில் ராடு, கணுக்காலில் பிளேட். கூட வந்த மாற்று டிரைவர் மாதேசுக்கு விலா மூன்று, காரை எலும்பு ஒன்று. சிமென்ட் லாரியில் யாரும் இல்லை. பிரேக் பிடிக்கவில்லை.

வாக்கரில் பதினெட்டு அடி. வலி ஏழு. தூக்கம் சரியில்லை.

ஜூன் 11, புதன்

சின்ன வெங்காயம் ஒரு படி உரித்து வைத்தேன். இருபத்திரண்டு அடி. வலி ஏழு.

ஜூன் 14, சனி

சௌபர்ணிகா வந்தாள். கோயமுத்தூரில் இன்ஜினியரிங் மூன்றாம் வருடம், ஹாஸ்டல். வரும்போதே ஒரு அட்டைப்பெட்டியும் அவளுடைய பழைய லேப்டாப்பும் கொண்டுவந்தாள். பெட்டியைக் கட்டில் மேல் கவிழ்த்தாள். சின்னச் சின்ன போர்டு, கலர் கலராக ஒயர், நாலு மஞ்சள் சக்கரம், ஒரு பிளாஸ்டிக் தகடு.

"இதென்ன கண்ணு, ரேடியோ ரிப்பேர் கடையாட்டம்?"

"ரோபோ காருப்பா. எதுத்தாப்புல ஏதாச்சும் வந்தா தானா நின்னு, திரும்பிப் போகோணும். ஆகஸ்ட் ஒம்பதாந்தேதி ஸ்கூல் புள்ளைங்க எங்க காலேஜைப் பாக்க வர்றாங்க. அவுங்களுக்கு ஓட்டிக் காட்டறதுக்கு."

"செரி, செய்யி."

"எனக்கு எக்ஸாம் இருக்குது. கனெக்‌ஷன் பூரா நீ குடு. புரோகிராம் நான் அனுப்பறேன்."

"நானா? பத்தாவது பாஸு சாமி நானு."

"வண்டியில ஹெட்லைட் ஒயரிங் நீதானே பாப்ப? பெங்களூர் போற வழியில டைனமோவைக் கழட்டி மாட்டினேன்னு எத்தனை தடவை சொல்லியிருப்ப. அதைவிட இது ஒண்ணும் பெரிசில்ல. சும்மா படுத்துட்டு விட்டத்தைப் பாத்துட்டு இருக்காதப்பா."

விட்டத்தை நான் பார்ப்பதை யார் சொன்னது இவளுக்கு? சம்பூர்ணமாகத்தான் இருக்கும்.

ஜூன் 16, திங்கள்

பெட்டியில் உள்ளதை ஒவ்வொன்றாகத் தெரிந்துகொண்டேன். நடுவில் இருக்கும் நீல போர்டுதான் மூளை. ஆர்டுயினோ என்கிறாள். அதோடு எல்லாவற்றையும் கோக்க வேண்டும். மோட்டாரை நேராக அதில் மாட்டினால் போர்டு போய்விடும். போர்டுக்கும் மோட்டாருக்கும் நடுவில் ஆள் வேண்டும், அது ஒரு சிவப்பு போர்டு. ஸ்விட்ச் போட்டதும் ரிலே எடுத்து ஹாரனுக்குக் கரன்ட் விடுமே, அந்த மாதிரி. இது சட்டென்று புரிந்தது.

எனக்குப் பிடித்தது சென்சார். இரண்டு வட்டம், பார்க்க ஆந்தைக் கண். ஆனால் கண் இல்லை, ஒன்று வாய், ஒன்று காது. வாய் நமக்குக் கேட்காத ஒரு சத்தம் போடும். சத்தம் எதிரில் இருப்பதில் பட்டுத் திரும்பி வரும். எவ்வளவு நேரத்தில் திரும்புகிறதோ அதை வைத்து தூரம். தொப்பூர் கணவாயில் ஏர்ஹாரன் அடித்தால் மலை திருப்பி அடிக்குமே, அதேதான்.

அதற்கு ஒயர் மாட்ட நாலு கால். இங்கிலீஷில் போட்டிருந்ததைக் காகிதத்தில் தமிழில் எழுதி ஒட்டிக்கொண்டேன். கரன்ட். கூப்பிடுறது. கேக்குறது. எர்த்.

முப்பது அடி. வலி ஆறு.

ஜூன் 17, செவ்வாய்

கரன்ட்டையும் எர்த்தையும் மாற்றி மாட்டிவிட்டேன். கருகிய வாசனை வந்தது. தொட்டால் கை சுடுகிறது. ஃபோனில் சொன்னால் சௌபர்ணிகா சிரிக்கிறாள். "அதுக்குத்தான் பெட்டியில மூணு சென்சார் வெச்சேன்."

ஒட்டின காகிதத்தைக் கிழித்துவிட்டு, ஒயர் கலரையும் சேர்த்து எழுதினேன். சிவப்பு என்றால் கரன்ட், கருப்பு என்றால் எர்த். இனி மாறாது.

ஜூன் 20, வெள்ளி

மாதேஸ் இரண்டு தடவை கூப்பிட்டிருக்கிறான். ஃபோன் சார்ஜில் கிடந்தது. அப்புறம் பேசலாம்.

ஜூன் 24, செவ்வாய்

மூன்று நாளாக ஒரே தலைவலி. சென்சார் தனியாக மாட்டினால் வேலை செய்கிறது. மோட்டார் தனியாக மாட்டினால் சுற்றுகிறது. இரண்டையும் சேர்த்தால் சக்கரம் ஒன்று விக்கி விக்கி ஓடுகிறது, மற்றது நிற்கிறது. ஒயரைப் பிடுங்கிப் பிடுங்கி மாட்டினேன். கால் வலியே மறந்துபோனது.

இன்றைக்குக் குக்கரில் பருப்பு வெந்துகொண்டிருந்தது, மூன்றாவது விசிலுக்கு எழுந்து அடுப்பை அணைக்கப் போனேன். வாக்கரின் இரும்பில் கை பட்டபோது தோன்றியது. லாரியில் எர்த்துக்கு யார் ஒயர் இழுக்கிறார்கள்? சேஸிசே எர்த். எங்கே முடுக்கினாலும் ஒன்றுதான். இது பிளாஸ்டிக் தகடு. இதில் பேட்டரிக்கு ஒரு எர்த், போர்டுக்கு ஒரு எர்த் என்று இரண்டும் தனித்தனியாக நிற்கின்றன. ஒரே ஒரு கருப்பு ஒயரை எடுத்து இரண்டையும் சேர்த்தேன்.

நாலு சக்கரமும் ஒன்றாகச் சுற்றின. வீட்டில் யாரும் இல்லை. இருந்தாலும் கை தட்டினேன்.

பருப்பு அடிப்பிடித்துவிட்டது. ஐம்பது அடி. வலி ஐந்து.

ஜூன் 28, சனி

லாரி ஓனர் சின்னுசாமி அண்ணன் பழம் வாங்கிக்கொண்டு பார்க்க வந்தார். காலைத் தொட்டுப் பார்த்தார். நல்ல மனுசன்.

"நீ இனி ரோட்டுக்குப் போக வேண்டாம் நல்லசிவம். லாரி செட்டுல மேஸ்திரியா உக்காந்துக்க. எந்த வண்டி போகோணும், எந்த டிரைவரை ஏத்தோணும், எல்லாம் நீயே பாத்துக்க. கால் செரியானதும் வா."

சம்பூர்ணத்துக்குக் கண் கலங்கிவிட்டது. டிரைவர் பெண்டாட்டியாக இருபத்திரண்டு வருடம் இருந்தவளுக்குத்தான் தெரியும் அந்த வார்த்தையின் அருமை.

கிளம்பும்போது சொன்னார். "அந்த மாதேஸ் திரும்ப வேலைக்கு வர்றேன்னு கேக்கவே இல்ல பாரு. கேட்டாலும் நான் எடுக்கமாட்டேன். பிரேக் டைட் வெக்கத் தெரியாதவனை வண்டியில ஏத்தினது என்னோட தப்பு."

எனக்கு வைத்த காபி ஆடை படிந்து ஆறிப்போனது.

ஜூலை 1, செவ்வாய்

லேப்டாப்பில் சென்சார் சொல்லும் தூரத்தைப் பார்க்கும் ஜன்னலைத் திறக்க சௌபர்ணிகா ஃபோனிலேயே கற்றுக்கொடுத்தாள். நம்பர் மேலிருந்து கீழே ஓடிக்கொண்டே இருக்கிறது. 43, 43, 42, 43. டேப் வைத்து அளந்தேன். சுவருக்கு நாற்பத்து மூன்று சென்டிமீட்டர். கையைக் காட்டினால் 12. எடுத்தால் 43. அரை மணி நேரம் கையைக் காட்டி எடுத்து, காட்டி எடுத்து உட்கார்ந்திருந்தேன். இருப்பதை இருப்பதாகச் சொல்கிறது.

ஜூலை 3, வியாழன்

மாதேஸ் மறுபடி கூப்பிட்டான். எடுத்தேன்.

அவனுக்கு ஊர் பாலக்கோடு. வயது முப்பத்தைந்து. என்னோடு ஆறு வருடம் ஓடியவன். என்னை அண்ணா என்பான். கூடப் பிறந்தவன்கூட அப்படிக் கூப்பிட்டதில்லை.

கால் எப்படி இருக்கிறது, அண்ணி எப்படி இருக்கிறார்கள் என்றெல்லாம் கேட்டான். தக்காளி மண்டியில் பெட்டி அடுக்கும் வேலைக்குப் போகிறானாம். காரை எலும்பு கூடிவிட்டதாம், கனமாகத் தூக்கினால் மட்டும் பிடிக்கிறதாம்.

"லைனுக்கு வரலியா?" என்றேன்.

"வேணாம்ணா. ஸ்டியரிங்கைத் தொட்டா கை நடுங்குது." அப்புறம் குரலைத் தாழ்த்தினான். "அண்ணா, ஒண்ணு கேக்கணும். அன்னைக்கு காலைல பார்க்கிங்ல எல்லா வீலுக்கும் நான்தான் பிரேக் டைட் வெச்சேன். எந்த வீலுண்ணா புடிக்கல? பின்னாடி இடதா? அதுல நட்டு கொஞ்சம் தேஞ்சிருந்துச்சு. பாத்துட்டுத்தான் விட்டேன். அதுதானாண்ணா?"

"இனி எதுக்கு மாதேஸ் அதெல்லாம்."

"இல்லண்ணா, தெரிஞ்சா நல்லாருக்கும். தெரியாமத்தான் தூக்கம் வரல."

"பிசியோதெரபிக்கு ஆள் வந்தாச்சு, வெச்சுடறேன்" என்று வைத்துவிட்டேன். அந்த அம்மா வியாழக்கிழமை வராது.

வலி எட்டு.

ஜூலை 6, ஞாயிறு

கார் முதல்முதலாக ஓடியது. கூடத்தில் அலமாரி வரை போய் நின்று, யோசித்து, இடது பக்கம் திரும்பியது. சம்பூர்ணம் வாயில் கை வைத்துக்கொண்டாள். "ஏனுங், யாரும் ஓட்டாமயே போகுது!" கொடியில் தொங்கிய அவளுடைய பருத்திப் புடவைக்குள் மட்டும் நேராகப் போய்ப் புகுந்துகொண்டது. துணி சத்தத்தைத் திருப்பித் தராமல் தின்றுவிடுமாம், சௌபர்ணிகா சொன்னாள். புடவையைக் கொடியிலிருந்து எடுத்துவிட்டோம்.

இன்றைக்கு வாக்கரை விட்டு ஊன்றுகோலுக்கு மாறினேன். வாசல் வரை.

ஜூலை 9, புதன்

கார் போகிறது, ஆனால் தயங்கித் தயங்கிப் போகிறது. கொஞ்சம் முன்னால், நின்று, கொஞ்சம் முன்னால். புது லைசென்ஸ் எடுத்தவன் கிளச்சை விடுவது போல. பார்க்க நன்றாக இல்லை. லேப்டாப்பில் முதல் பாடமாக ஒரு விளக்கை விட்டு விட்டு எரிய வைத்தோம். அதில் 'டிலே' என்று ஒரு வரி இருந்தது. ஆயிரம் என்று போட்டால் ஒரு செகண்ட் அப்படியே இருக்கும். அந்த வரியை எடுத்து, முன்னால் போ என்பதற்குக் கீழே நானே சேர்த்தேன். இப்போது தயக்கம் இல்லை. கம்பீரமாகப் போகிறது. சௌபர்ணிகாவிடம் சொல்லவில்லை. வந்து பார்க்கட்டும்.

ஜூலை 13, ஞாயிறு

காலையில் வந்தாள். கூடத்தில் ஓட்டிக் காட்டினேன். கம்பீரமாகப் போய்ச் சுவரில் முட்டியது. திருப்பி விட்டேன். கட்டில் காலில் முட்டியது. மூன்றாவது தடவை, சென்சாரின் ஒரு வட்டமே நசுங்கியது.

"சென்சார் புடிக்கல கண்ணு" என்றேன். "மட்டமான சென்சார். வேற மாத்து."

அவள் லேப்டாப்பைத் திறந்தாள். நசுங்கிய சென்சாரையே சுவருக்கு நேராகப் பிடித்தாள். 31, 31, 30. டேப்பை எடுத்து அளந்தாள். முப்பத்தொன்று.

"சென்சார் செரியாத்தாம்பா சொல்லுது. அது மேல பழி போடாத." புரோகிராமை மேலிருந்து கீழே படித்துக்கொண்டே வந்தாள். என் வரியில் விரல் நின்றது. "இதை யாரு போட்டா?"

"நான்தான். தயங்காமப் போகட்டும்னு."

"அப்பா, டிலே போட்டா அந்த ஒரு செகண்ட் இது எதையுமே பாக்காது. சென்சார்கிட்ட எவ்வளவு தூரம்னு கேக்கவே கேக்காது. சக்கரம் மட்டும் சுத்திட்டே இருக்கும். சென்சார் முழிச்சுத்தான் இருக்குது. மூளைதான் தூங்கிப் போகுது."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். நான் கழிப்பறைக்குப் போவதாகச் சொல்லி எழுந்து போனேன்.

ஜூலை 14, திங்கள்

அளந்து பார்த்தேன். நம் கார் ஒரு செகண்டில் அரை மீட்டர் போகிறது.

லாரி மணிக்கு அறுபது கிலோமீட்டரில் போனால் செகண்டுக்குப் பதினாறு மீட்டருக்கு மேல். நாலு செகண்ட் என்றால் அறுபத்தாறு மீட்டர்.

நாலு இருக்குமா? ஐந்தா?

ஜூலை 20, ஞாயிறு

ஐந்து நாள் எழுதவில்லை. பிசியோதெரபி அம்மா டைரியைக் கேட்டது. காணோம் என்றேன். தலையணைக்கு அடியில்தான் இருந்தது.

எழுதிவிடுகிறேன்.

அன்றைக்கு மத்தியானம் இரண்டரை மணி. தாபாவில் தயிர்சாதம் சாப்பிட்டேன். மாதேஸ் ராத்திரி முழுதும் ஓட்டியவன், காலையில் பிரேக் வேலையும் பார்த்தவன். பின்னால் படுக்கப் போகும் முன் என் முகத்தைப் பார்த்தான். "கண்ணு செவந்து கெடக்குதுண்ணா. ஒரு மணி நேரம் நிறுத்திப் படுத்துட்டுப் போலாமா?" என்று கேட்டான். "இருபத்திரண்டு வருசமா ஓட்டறேன், எனக்குச் சொல்லிக் குடுக்கறியா? நீ படு" என்றேன்.

ரோடு நேர்கோடு. வெயில் கண்ணாடி வழியாக மடியில் கொட்டியது. தண்ணீரை முகத்தில் அடித்துக்கொண்டேன். பீடியொன்று பற்றவைத்தேன். அது பாதி எரிந்தது வரைக்கும் நினைவிருக்கிறது.

அப்புறம் பார்த்தால் சிமென்ட் லாரியின் பின்பக்கத்து எழுத்து, படிக்கிற தூரத்தில். மிதித்தேன். பிடித்தது. எல்லா வீலும் பிடித்தது. டயர் கத்தியது இன்னும் காதில் இருக்கிறது. தூரம்தான் போதவில்லை.

மோதியதில் பிரேக் பைப் அறுந்து தொங்கியது. ஆஸ்பத்திரியில் போலீஸ்காரர் கேட்டபோது 'பிரேக் பிடிக்கல' என்று வாயில் வந்துவிட்டது. அறுந்த பைப்பைப் பார்த்து எல்லோரும் நம்பினார்கள்.

வாயில் வந்துவிட்டது என்று எழுதியிருக்கிறேன். அதுவும் பொய். யோசித்துத்தான் சொன்னேன். இருபத்திரண்டு வருடத்தில் ஒரு கீறல் போட்டதில்லை என்று பேர் எடுத்தவன் நான். பிரேக் வேலை பார்த்தது மாதேஸ் என்பது சொல்லும்போதே எனக்குத் தெரியும்.

ஜூலை 21, திங்கள்

சம்பூர்ணத்திடம் சொன்னேன். முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் கையை நிறுத்தவில்லை. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "யாரும் சாகல. நடந்தது நடந்துபோச்சு. இப்பப் போய்ச் சொன்னா மேஸ்திரி வேலை போயிருமுங்க. இதை எதுக்குக் கிளறணும்?" என்றாள்.

"மாதேஸ் வண்டி ஓட்டறதையே விட்டுட்டான்."

"தெரியுமுங்க" என்று முறத்தைத் தள்ளிவிட்டு எழுந்து போனாள்.

சௌபர்ணிகாவுக்கு ஃபோன் செய்து சொன்னேன். பெற்ற பிள்ளையிடம் சொல்வதுதான் பெரும்பாடாக இருந்தது. அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "மாதேஸ் மாமாகிட்டச் சொல்லிட்டியாப்பா?"

ஜூலை 26, சனி

நாளைக்கு பாலக்கோடு போகிறேன் என்று சொல்லிவிட்டேன். சம்பூர்ணம் புளிசாதம் கிளறி இரண்டு டிபன் பாக்ஸில் அடைத்தாள்.

"எதுக்கு ரெண்டு?"

"ஊனுகோலோட மூணு பஸ் ஏறி இறங்குவீங்களா நீங்க? நானும்தான் வர்றேன்."

ஜூலை 27, ஞாயிறு

சேலம், தருமபுரி, பாலக்கோடு. பஸ்ஸில் எனக்குக் கால் நீட்ட இடம் கொடுத்தார்கள்.

மாதேஸ் எங்களைப் பார்த்ததும் ஓடி வந்து என்னைத் தாங்கிப் பிடித்தான். ஆள் பாதியாக இளைத்திருந்தான். அவன் பெண்டாட்டி காவேரி நாற்காலி போட்டு, டம்ளரில் காபி கொண்டுவந்து வைத்தது. நான் குடிக்கவில்லை. குடித்துவிட்டால் சொல்ல முடியாது.

"மாதேஸ், பிரேக் புடிச்சுது. நான் தூங்கிட்டேன்."

அவன் சிரித்த முகம் அப்படியே இருந்தது, புரியாதவன் போல. மறுபடியும் சொன்னேன். கண் சிவந்திருக்கிறது என்று அவன் சொன்னதையும், நான் அவனுக்குச் சொன்ன பதிலையும் சொன்னேன். போலீசில் சொன்னதையும் சொன்னேன். எழுந்து நின்றான். செருப்புக்கூடப் போடாமல் வெளியே போனான்.

காவேரிதான் பேசியது. "சைக்கிள்ல போனாக்கூட பத்து தடவ பிரேக்க அமுத்திப் பாக்கறாரு. சோறு திங்கறப்ப கையையே பாத்துட்டு இருக்கறாரு. எங்க மாமியாரு 'உம்பட கைதான்டா ரெண்டு உசுரை எடுக்கப் பாத்துச்சு'ன்னு சொன்னப்ப, 'ஆமாம்மா'ன்னு சொன்னவரு. மூணு மாசம். ஃபோன் பண்ணிக் கேட்டாரே, அப்பவாவது சொல்லக் கூடாதா?"

"தப்புத்தான்மா."

"காபியக் குடிங்க, கெளம்புங்க."

கிளம்பினோம். காபி குடிக்கவில்லை. பஸ் ஸ்டாப்பில் ஒரு மணி நேரம் காத்திருந்தோம். சம்பூர்ணம் டிபன் பாக்ஸைத் திறந்தாள், மூடினாள். பஸ் வளைவில் தெரியும்போது மாதேஸ் வந்தான். கொஞ்சம் தள்ளியே நின்றான். முகத்தைப் பார்க்காமல் கேட்டான்.

"எல்லா வீலும் புடிச்சுதா?"

"எல்லா வீலும். மிதிச்ச உடனே. நீ டைட் வெச்சதாலதான் மாதேஸ் ரெண்டு பேரும் உசுரோட இருக்கோம். இல்லைன்னா அந்த வேகத்துக்கு கேபினே இருந்திருக்காது."

தன் இரண்டு கையையும் விரித்து ஒரு தடவை பார்த்துக்கொண்டான். திரும்பி நடந்துவிட்டான். என்னை அண்ணா என்று கூப்பிடவில்லை.

ஜூலை 30, புதன்

சின்னுசாமி அண்ணனிடம் நேரில் போய்ச் சொன்னேன். அவர் முகம் கறுத்துவிட்டது. "எழுதிக் குடு" என்றார். எழுதிக் கொடுத்தேன். ஸ்டேஷனுக்கும் அதை அனுப்பச் சொன்னேன். லைசென்ஸை என்ன செய்வார்களோ, செய்யட்டும்.

"மேஸ்திரி வேலைக்கு இனி உன்னைக் கூப்பிட முடியாது நல்லசிவம்."

"தெரியுமுங்ணா. மாதேசைக் கூப்பிடுங்க."

அவர் வாசல் வரை வந்து ஆட்டோ ஏற்றிவிட்டார்.

ராத்திரி ஒன்பதரைக்குப் படுத்தேன். கண் விழித்தபோது கொல்லையில் கோழி மேய்கிறது, மணி ஏழு.

ஆகஸ்ட் 9, சனி

கோயமுத்தூர் போனோம். டிலே வரியை எடுத்துவிட்டு, தயக்கத்துக்கு வேறு வழி வைத்திருந்தோம். வேகத்தைக் குறைத்தோம், அவ்வளவுதான். நாற்பது பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்திருக்க, நடுவில் கார் ஒவ்வொருவர் கால் முன்னாலும் நின்று நின்று திரும்பியது. ஒரு பெண் பிள்ளை வேண்டுமென்றே புத்தகப் பையைத் தூக்கிக் குறுக்கே போட்டது. நின்றது. ஒரே கூச்சல். சௌபர்ணிகா மைக்கில், "ஒயரிங் எங்கப்பா" என்று சொல்லிவிட்டாள். எழுந்து நிற்கச் சொன்னார்கள். ஊன்றுகோலோடு எழுவதற்குள் கைதட்டல் முடிந்துவிட்டது. பிள்ளைகள் மறுபடியும் தட்டினார்கள்.

ஆகஸ்ட் 21, வியாழன்

லாரி பாடி கட்டும் பட்டறையில் எலக்ட்ரீசியன் ராமலிங்கம் கூப்பிட்டார். புது வண்டிகளுக்குப் பின்பக்கம் ரிவர்ஸ் சென்சார் கேட்கிறார்களாம். பம்பரில் நாலு கண், கேபினில் ஒரு டிஸ்பிளே. அவருக்கு மாட்டத் தெரிகிறது, தப்பு எங்கே என்று பார்க்கத் தெரியவில்லை. ஒரு வண்டியில் மூன்றாவது கண் வேலை செய்யவில்லை. போய்ப் பார்த்தேன். பெயின்டின் மேல் எர்த் முடுக்கியிருந்தார்கள். சுரண்டிவிட்டு முடுக்கினேன். வாரத்துக்கு மூன்று நாள் வரச் சொல்லியிருக்கிறார். உட்கார்ந்து பார்க்கிற வேலை. கால் தாங்குகிறது.

ஸ்டேஷனிலிருந்து ஒரு தடவை கூப்பிட்டு விசாரித்தார்கள். மறுபடி வரவேண்டியிருக்கும் என்றார்கள். வருகிறேன் என்றேன்.

செப்டம்பர் 2, செவ்வாய்

மாதேஸ் லைனுக்குத் திரும்பிவிட்டானாம். சின்னுசாமி அண்ணனே ஆள் அனுப்பிக் கூப்பிட்டிருக்கிறார். பட்டறைக்கு வந்த டிரைவர் ஒருவன் சொன்னான். மாதேஸ் எனக்குச் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. சம்பூர்ணத்திடம் சொன்னேன். அரைக் கிலோ மைசூர்பா வாங்கி வந்து, இரண்டு பேரும் தின்றோம்.

வலி இரண்டு. எத்தனை அடி என்று எண்ணுவதை விட்டுவிட்டேன்.

செப்டம்பர் 12, வெள்ளி

மத்தியானம் இரண்டே முக்காலுக்கு, பட்டறையில் இருக்கும்போது ஃபோன். மாதேஸ் பேர் வந்ததும் எழுந்து நின்றுவிட்டேன்.

"ஏலூரு பக்கம் நிக்கறேன். பங்க்குல ஓரம் கட்டிட்டேன். கண்ணு கட்டுது. கூட வந்தவன் ராத்திரி ஓட்டினவன், அவனை எழுப்ப மனசில்ல."

"படு மாதேஸ். லோடு எங்கயும் போயிராது."

"படுத்துருவேன். ஃபோன்ல அலாரம் வெச்சா தூக்கத்துலயே அமத்திப் போட்டுடறேன்." கொட்டாவி விட்டான். "மூணே முக்காலுக்கு எழுப்பி விடறீங்களாண்ணா?"

"விடறேன்."

வைத்துவிட்டான்.

ராமலிங்கத்திடம் சொல்லிவிட்டு, பட்டறை வாசலில் வேப்பமர நிழலில் உட்கார்ந்து இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். மணி மூன்று பத்து. உள்ளே வெல்டிங் நடக்கிறது. ஒரு டிரைவர் டீ வாங்கி வந்து கொடுத்தான். மூன்று இருபத்தைந்து. ஃபோனில் சிக்னல் நாலு கட்டை இருக்கிறது, சார்ஜ் அறுபத்தெட்டு. மூன்று நாற்பது. இன்னும் ஐந்து நிமிடம் தூங்கட்டும்.

மூன்றே முக்கால். கூப்பிட்டேன். ஐந்தாவது ரிங்கில் எடுத்தான், தூக்கம் கலையாத குரலில்.

"முழிச்சுட்டேண்ணா."

"மூஞ்சி கழுவு. ஒரு டீயைக் குடி. அப்பறமா எடு வண்டிய."

"செரிண்ணா."